ஆறு எந்தப் பக்கம்

செர்க்காங், திராங் வழி,
மேற்கு காமெங் மாவட்டம், அருணாசலப் பிரதேசம்.
12-9-1986

அன்புள்ள அசீசுன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும் மாமியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வழக்கமாக என் கடிதம் இந்த இடத்தில் முடிந்துவிடும். இரண்டு வருஷமாக இன்லண்ட் தாளில் இதைத்தான் எழுதி அனுப்புகிறேன், உன்னிடமிருந்தும் இதேதான் திரும்பி வருகிறது. இன்று ஒரு வேலை வந்திருக்கிறது. அதற்கு உன் உதவி வேண்டும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பொம்டிலாவிலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் வந்திருந்தார். நாலாம் வகுப்புக்கு ‘நம் மாவட்டம்’ என்று ஒரு பாடம் வேண்டுமாம். இங்குள்ள மலை ஜாதிப் பிள்ளைகள் கங்கைச் சமவெளியில் என்ன விளைகிறது என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். சமவெளி என்றால் என்ன என்று கேட்டால் பள்ளிக்கூட மைதானத்தைக் காட்டுகிறார்கள். அதுவும் சரிவுதான், பந்து போட்டால் ஆற்றுக்குப் போய்விடும். தங்கள் ஊரைப் பற்றி ஒரு வரியும் புத்தகத்தில் இல்லை. நான் சரித்திர வாத்தியார் என்பதால் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

சரித்திரப் பகுதியை எப்படியோ எழுதிவிடுவேன். பூகோளம் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அது உன் பாடம். விழுப்புரம் போக வேண்டியவன் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த கதையை நீ இன்னும் மறந்திருக்கமாட்டாய். எனக்குத் திசை தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். மலை என்று எழுதினால் எனக்கு நம் செஞ்சி ராஜகிரிதான் கண்ணில் வருகிறது: மொட்டைப் பாறை, மேலே ஒரு கோட்டை, ஏறி இறங்கினால் முடிந்தது. இங்கே மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் பனி. எங்கே முடிகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, அந்தப் பக்கம் திபெத் என்று மட்டும் சொல்கிறார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று மட்டும் சொல்.

கௌஸ் பாஷா


செஞ்சி,
9-10-1986

வ அலைக்கும் ஸலாம்.

இரண்டு பக்கக் கடிதம் வந்ததைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார். “மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு இன்னாவோ” என்று அடுப்பை விட்டு எழுந்து வந்தார். பாடம் எழுத உதவி கேட்கிறார் என்றேன். “அப்ப நல்லா எழுதிக் குடு, அவரு கேட்டு ஒண்ணு செய்யலன்னு ஆயிடக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு நீங்கள் கேட்டதுதான் பெரிசு. நீங்கள் கேட்காமலே விட்டதையெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பது நான்தான்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். இங்கே ஆறாம் வகுப்புக்கு நான் எப்படிச் சொல்லித்தருகிறேனோ அப்படியே உங்களுக்கும். இமயமலையில் தொடங்காதீர்கள். வாசலில் தொடங்குங்கள். உங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நில்லுங்கள். சூரியன் எங்கே எழுகிறது, எதிரே என்ன, முதுகுக்குப் பின்னால் என்ன, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது. எந்தச் சரிவில் பயிர், எந்தச் சரிவில் காடு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊர் இருந்தால் எப்படிக் கடக்கிறார்கள். இதை எழுதி அனுப்புங்கள். நான் இங்கே படம் போட்டுப் பார்க்கிறேன். உங்கள் ஊரை எனக்குப் போட்டுக் காட்ட முடிந்தால் பிள்ளைகளுக்கும் புரியும்.

இன்னொன்று. தொழுகைக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்? செஞ்சியில் நின்றது மாதிரி மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்து நின்றால் அங்கே தப்பு. வகுப்பிலிருக்கும் உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தேன். உங்கள் இடத்திலிருந்து மக்கா கிட்டத்தட்ட நேர் மேற்கு. இரண்டு வருஷமாகக் கோணலாகத் தொழுதிருப்பீர்கள். அல்லாஹ் மன்னிப்பான், அவனுக்கு உங்களைத் தெரியும்.

கடைசியாக ஒரு கேள்வி, இது பாடத்தில் வராது. உங்கள் மூன்று வருஷ ஒப்பந்தம் வருகிற ஜூலையில் முடிகிறது. திரும்பி வருகிறீர்களா, நீட்டித்துக்கொள்கிறீர்களா? திண்டிவனம் ரோட்டில் தனி வீடு பிடிக்கலாம் என்று நீங்கள் சொன்னபோது, ஒற்றை மகளாகப் பிறந்துவிட்டு அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொன்னது நான்தான். இப்போதும் அதையேதான் சொல்வேன். “இன்னொருத்தர் ஊட்டுச் சோறு இனிமே என் தொண்டையில எறங்காது” என்று சொல்லிவிட்டுப் போனது நீங்கள். அதையேதான் இப்போதும் சொல்வீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். பள்ளியில், தெருவில், கல்யாண வீட்டில், எல்லோரும் கேட்கிறார்கள்.

அசீசுன்னிசா


செர்க்காங்,
15-11-1986

அன்புள்ள அசீசு,

நீ சொன்னபடி வாசலில் நின்றேன். கிழக்கு எது என்று தெரிய விடியும்வரை காத்திருந்தேன், குளிரில் பல் தந்தியடித்தது. இனி வருவதை நீ படம் போட்டுக்கொள்.

சூரியன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலைமேல் ஏறுகிறது. ஆகவே பள்ளிக்கூடமும் எங்கள் குவார்ட்டர்ஸும் மேற்குக் கரையில். வாசலில் நின்றால் எதிரே, கீழே, ஆறு. வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. முதுகுக்குப் பின்னால் சரிவு, அதற்கு மேலே ராணுவ லாரிகள் போகும் சாலை. தொழ நின்றால் இப்போது நேர் மேற்கே நிற்கிறேன். எதிரே ஜன்னல் இல்லாத சுவர், சுவருக்குப் பின்னால் மலை. எனக்கும் மக்காவுக்கும் நடுவில் ஒரு மலையை வைத்திருக்கிறார்கள். அந்தக் கரையில் கல்லும் மரமுமாகப் பத்துப் பன்னிரண்டு வீடு. நடுவில் மூங்கில் பாலம், நடந்தால் ஆடும். வெயில் விழுகிற சரிவில் சோளமும் கேழ்வரகும் போடுகிறார்கள், நிழல் சரிவில் முழுக்கக் காடு.

சரித்திரம் நன்றாகப் போகிறது. திராங்கில் ஆற்றுக்கு மேலே பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. நம் கோட்டையோடு சேர்த்துப் பார்த்தால் குழந்தை. அங்கே ஒரு காலத்தில் திபெத்திலிருந்து அதிகாரிகள் வந்து உட்கார்ந்து தானியமாக வரி வாங்கிப்போனார்களாம். இவர்கள் மிளகாயும் அரிசியும் சுமந்துகொண்டு கணவாய் ஏறிப் போய் உப்பும் கம்பளியும் மாற்றிக்கொண்டு வருவார்கள். பிறகு எங்கோ ஓர் ஊரில் யாரோ வரைபடத்தில் கோடு போட்டார்கள். கோடு போட்டது இவர்களுக்கு நாற்பது வருஷம் தெரியாது. அப்புறம் நம் அரசாங்கம் வந்தது. அப்புறம் அறுபத்திரண்டாம் வருஷச் சண்டை. சீனர்கள் இறங்கி வருகிறார்கள் என்றதும் பள்ளத்தாக்கே காலியாகி அஸ்ஸாம் வரைக்கும் நடந்திருக்கிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அந்தக் கரையிலிருக்கும் தோர்ஜி என்கிற கிழவர். எப்படிப் பழக்கம் என்றால் சிரிப்பாய். இவர்கள் புத்த மதம், இறைச்சி சாப்பிடுவார்கள், ஆனால் தங்கள் கையால் ஓர் உயிரைக் கொல்லமாட்டார்கள். அவர் வீட்டுக் கோழி ஒன்று கால் ஒடிந்து கிடந்தது. ‘மதராஸி மாஸ்டர் அறுப்பாராமே’ என்று கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். போனேன், பிஸ்மில்லா சொல்லி அறுத்தேன். இத்தனை நாளில் முதல் தடவையாகக் கோழிச் சாறு குடித்தேன். மற்றபடி ஸ்டவ்வில் கஞ்சிதான். மண்ணெண்ணெய் கிடைக்காத வாரம் அதுவும் இல்லை.

ஒப்பந்தத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். ஜூலைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

கௌஸ்


செஞ்சி,
14-12-1986

வ அலைக்கும் ஸலாம்.

உங்கள் ஊர் என் மேசைமேல் இருக்கிறது. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் போட்டிருக்கிறேன். இடது பக்கம் சாலை, சரிவு, பள்ளிக்கூடம், நீங்கள். நடுவில் நீலப் பென்சிலில் ஆறு. வலது பக்கம் தோர்ஜியின் வீடு, கோழியோடு. எங்கள் தலைமையாசிரியை ராஜம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் இருக்கும் ஊர் என்றேன். சொன்ன பிறகு அந்தப் படத்தில் உங்கள் குவார்ட்டர்ஸை ஒரு சின்னக் கட்டமாக மட்டும் போட்டிருப்பது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. கதவு எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

பாடத்துக்குத் திருத்தம்: ‘கோடு போட்டார்கள்’ என்பதை அப்படியே வைத்திருங்கள், பிள்ளைகளுக்குப் புரியும். ஆனால் நிழல் சரிவில் ஏன் காடு, வெயில் சரிவில் ஏன் வயல் என்று அவர்களையே கேட்கிற மாதிரி எழுதுங்கள். நாமே பதில் சொல்லிவிட்டால் அது பாடம் இல்லை, சொற்பொழிவு.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. போன அமாவாசைக்கு ஊரிலுள்ள பஸ் எல்லாவற்றையும் மேல்மலையனூர்க் கோயிலுக்குத் திருப்பிவிட்டார்கள். பள்ளி முடிந்து நடந்தே வந்தேன். வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வேப்பிலையும் எலுமிச்சம்பழமுமாகப் போகிறார்கள், எல்லோரும் யாரோடாவது போகிறார்கள். கோட்டைப் பக்கம் திரும்பியதும் ரோட்டில் நான் மட்டும்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான். அன்றைக்கு அது என்னைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தது.

பேப்பரில் எல்லையில் டென்ஷன் என்று போடுகிறார்கள். உங்கள் சாலையில் போகும் லாரிகளைப் பற்றி நீங்கள் எழுதியதும் அதுவும் சேர்ந்துகொண்டு தூக்கம் வருவதில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலைக்கு நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இருக்கலாம். கடிதம் போய் வர ஒன்றரை மாதம் ஆகிறது. அந்தக் கணக்கில் நாம் இன்னும் மூன்று நாலு தடவைதான் பேசப்போகிறோம். அதில் ஒரு தடவை பதில் சொல்லுங்கள்.

அசீசுன்னிசா


செர்க்காங்,
1-3-1987

அன்புள்ள அசீசு,

உன் கடிதம் பனியில் மாட்டிக்கொண்டு பிப்ரவரியில்தான் வந்தது. இப்போது ராணுவ லாரிகளுக்கு வழிவிட்டுத்தான் தபால் வண்டி. பயப்படாதே, இங்கே சத்தம்தான் அதிகம், வேறொன்றும் இல்லை. பாரா பாராவாக உன் திருத்தங்களைச் சேர்த்துவிட்டேன்.

பாடத்தின் முதல் வரியை அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியதாகிவிட்டது. ‘நமது யூனியன் பிரதேசம்’ என்று அழகாகத் தொடங்கியிருந்தேன். போன மாதம் இருபதாம் தேதி இதைத் தனி மாநிலமாக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தோம். பிள்ளைகளிடம் நீங்கள் இனி மாநிலக்காரர்கள் என்றேன். ஒருத்தி எழுந்து, நேற்று வரை நாங்கள் யார் என்று கேட்டாள். நீ சொன்னபடி அந்தக் கேள்வியை அப்படியே பாடத்தில் போட்டுவிட்டேன்.

அன்றைக்கு மனசு என்னவோ போல இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்லத் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மக்ரிபு தொழுகைக்கு நின்றேன். எதிரே, ஜன்னலுக்குக் கீழே, ஆறு செக்கச்செவேலென்று கிடந்தது. அந்த வெளிச்சத்தில் பாறையெல்லாம் நம் ஊர்ப் பாறை மாதிரி தெரிந்தது. தொழுது முடித்தும் எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் நினைவுதான்.

ஒப்பந்த நீட்டிப்புக்கு இன்னும் பதில் எழுதவில்லை. தலைமையாசிரியராக இருக்கச் சொல்கிறார்கள். யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாமிக்கு என் ஸலாம்.

கௌஸ்


செஞ்சி,
24-3-1987

உங்களுக்கு,

உன் நினைவுதான் என்று எழுதியிருந்ததை நாலைந்து தடவை வாசித்தேன். அதற்கு மேலே உள்ள வரியை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

உங்கள் குவார்ட்டர்ஸில் மேற்கே ஜன்னல் இல்லை. ஆறு அங்கே கிழக்கில் இருக்கிறது. தொழ நின்றால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓட வேண்டும். சூரியன் மறையும்போது மேற்கைப் பார்த்து நிற்கிறவருக்கு எதிரே ஆறு தெரிய வேண்டுமானால் அவர் கிழக்குக் கரையில் இருக்க வேண்டும். காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறு வழியில்லை. மாநிலம் பிறந்த அன்றைக்கு நீங்கள் அந்தக் கரையிலிருக்கும் ஒரு வீட்டில் நின்று தொழுதிருக்கிறீர்கள்.

அன்றைக்கு மட்டும் போயிருக்கலாம் என்று நினைக்கப் பார்த்தேன். ஆனால் முன்பெல்லாம் ஸ்டவ், மண்ணெண்ணெய், கஞ்சி என்று புலம்புவீர்கள். இந்தக் கடிதத்தில் சமையலைப் பற்றி ஒரு வரி இல்லை. தானே சமைத்துக்கொள்கிறவர்தான் சமையலைப் பற்றிப் புலம்புவார்.

உங்களுக்குத் திசை தெரியாது. மறைக்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல் எழுதிவிட்டீர்கள். எனக்குத் திசை தெரிந்து தொலைக்கிறது.

அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? எவ்வளவு நாளாக? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். பாடத்தைப் பற்றி இனி ஒன்றும் கேட்காதீர்கள்.

அ.


செர்க்காங்,
20-4-1987

அன்புள்ள அசீசு,

நீ நினைத்தது போல இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். அந்த வீடு தோர்ஜியின் வீடு. அவரும் அவர் மனைவி பெமாவும் மட்டும்தான். இருவருக்கும் எழுபது இருக்கும். டிசம்பர் கடைசியில் குவார்ட்டர்ஸ் கூரை பனியில் இறங்கிவிட்டது. தோர்ஜி வந்து என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டார். பின்னாலேயே போனேன். கூரையைப் பிறகு சரிசெய்துவிட்டார்கள். நான் திரும்பவில்லை.

அவர்களுக்கு ஒரு பிள்ளை இருந்தான். அறுபத்திரண்டில் நம் ராணுவத்துக்குச் சுமை தூக்கக் கணவாய் வரைக்கும் போனவன், வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஊரே அஸ்ஸாமுக்குப் போனபோது பெமா வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாளாம், பையன் வந்தால் பூட்டிய வீட்டைப் பார்ப்பான் என்று. அவன் படுத்த அறை மேற்குப் பக்கம், ஆற்றைப் பார்த்தது. அங்கேதான் இருக்கிறேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும். இன்னொருத்தர் வீட்டுச் சோறு இறங்காது என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். அந்த வாயாலேயே இங்கே மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று எப்படி எழுதுவது?

ஆனால் ஏன் இங்கே இறங்குகிறது என்று இப்போது எனக்குப் புரிகிறது. கோபப்படாமல் படி. உன் வீட்டில் எட்டு வருஷம் இருந்தேன். மாமி என்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னதில்லை. நான் கூடத்துக்கு வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். குழம்பு வேண்டுமா என்று உன்னிடம் கேட்பார், நீ என்னிடம் கேட்பாய், நான் உன்னிடம் சொல்வேன். ஈரல் துண்டு எப்போதும் என் தட்டில். ஒரு நாள் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன், மாமி பதறிப்போய் வாளியைப் பிடுங்க உன்னை அனுப்பினார். மாப்பிள்ளையாக வந்தேன், மாப்பிள்ளையாகவே இருந்தேன். எட்டு வருஷம் விருந்தாளியாக இருந்து பார், அசீசு. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நான் கிளம்புவதற்காக எல்லோரும் காத்திருப்பது மாதிரியே இருக்கும்.

இங்கே வந்த இரண்டாம் வாரம் விறகை நனையவிட்டுவிட்டேன். பெமா கத்தின கத்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு அவள் பாஷை பாதிதான் புரியும். அன்றைக்கு முழுசாகப் புரிந்தது. மழையில் நின்று விறகை அடுக்கினேன். வெட்கமாக இருக்கிறது சொல்ல, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நீட்டிப்புக்கான காகிதம் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை, கிழித்துப் போடவும் இல்லை. இங்கே உங்களில் யாரும் இல்லை, அங்கே எனக்கு இடம் இல்லை. தோர்ஜிக்கு இருமல் அதிகமாகிவிட்டது, அவர்களை விட்டு வருவதும் சுலபம் இல்லை. இருந்தாலும் நீ ஏதாவது சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

கௌஸ்


செஞ்சி,
16-5-1987

அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு நாள். நாக்கு வறண்டு கிடக்கிறது, வெயிலில் பாறை கொதித்து அந்த அனல் தெருவுக்கு வருகிறது. இந்த நேரத்தில் கோபமாக எழுதக் கூடாது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். கோபம் போகவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

ஒரு பெண் இருக்கிறாள் என்று நீங்கள் எழுதியிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். ஜமாஅத்தில் சொல்வேன், நாலு பெரியவர்கள் உட்காருவார்கள், இரண்டில் ஒன்று முடிந்துபோகும். அழுவதற்கும் ஆள் சேர்ந்திருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு கிழவியிடம் என் புருஷன் திட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? அவளைத் திட்டக்கூட எனக்கு மனசு வரவில்லை. விட்டு வருவது சுலபம் இல்லை என்று அவர்களுக்காக எழுதியிருக்கிறீர்கள். இந்த வீட்டை விட்டுப் போனபோது அப்படி ஒரு வரி நீங்கள் எழுதவில்லை.

விருந்தாளியாக எட்டு வருஷம் இருந்தேன் என்கிறீர்கள். சரி. அந்த எட்டு வருஷமும் நான் என்னவாக இருந்தேன் என்று யோசித்தீர்களா? குழம்பு வேண்டுமா என்று அங்கிருந்து இங்கே, போதும் என்று இங்கிருந்து அங்கே. வாளியைப் பிடுங்க வந்ததும் நான்தான். அம்மா முகம் சுண்டினால் உங்களிடம் மறைத்தேன், நீங்கள் சோற்றை ஒதுக்கினால் வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நின்று, நீங்கள் போன பிறகும் அங்கேயேதான் நிற்கிறேன். உங்களுக்கு ஒரு கரை இருக்கிறது, அம்மாவுக்கு ஒரு கரை இருக்கிறது. எனக்கு எதுவும் இல்லை. இந்த வீட்டில் என்னைவிடத் தனியாக யாரும் இருந்ததில்லை.

நீ சொல்கிறபடி செய்கிறேன் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். மறுபடியும் என்னையே நடுவில் போடுகிறீர்கள். வா என்றால் அம்மா முன்னால் மறுபடி உங்களைத் தட்டில் வைத்துப் பரிமாற வேண்டும். வராதே என்றால் நானே விரட்டியதாக ஆகும். நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இனிமேல் யாருக்கும் தூது போகவும் மாட்டேன்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு அம்மாவை உட்காரவைத்து உங்கள் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை விடவில்லை. முந்தானை, ஈரல் துண்டு, வாளி, எல்லாம். இத்தனை வருஷத்தில் உங்கள் வார்த்தை என் வழியாக வடிகட்டாமல் அம்மாவுக்குப் போனது இதுதான் முதல் தடவை. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

அம்மா அரிசி முறத்தைக் கீழே வைத்தார். அவ்வளவு மரியாதையாக வைத்திருந்தேனே, அது தப்பா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது, நீயே அவரிடம் கேள் என்றேன். மாப்பிள்ளையிடம் எப்படி நேராகப் பேசுவது என்றார். அங்கே ஒருத்தி கத்துகிறாளாம், அவர் கேட்டுக்கொள்கிறாராம் என்றேன். அதைச் சொன்னதும் அம்மா முகம் மாறிவிட்டது. இவ்வளவு வருஷத்தில் உங்கள் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. “பேனாவ எடு, நான் சொல்றத அப்படியே எழுது” என்றார். அப்படியே எழுதுகிறேன்.

“இன்னா கௌஸு. நல்லா இருக்கியா. எட்டு வருசம் ஒனக்கு ஒரு வேல சொல்லல, அதான ஒன் கொற? அத அப்பவே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா. நீ வாத்தியார்தான, ஊரான் புள்ளைங்களுக்கு அவ்ளோ பேசுற. நான் ஒனக்குப் பயந்துகிட்டு இருந்தேன், நீ எனக்குப் பயந்துகிட்டு இருந்த, நடுவுல எம் பொண்ணு எளச்சிப் போயிட்டா. அவளக் கண்ணால பாத்தியா நீ? பின்கட்டு ஓடெல்லாம் ஒடஞ்சி கெடக்குது. போன மழைக்கு அரிசி மூட்டையே நனஞ்சிபோச்சி. கூலிக்கு ஆளு கூப்ட மாட்டேன். ஆடி மழைக்கு முன்னாடி நீ வந்துதான் ஏணியில ஏறணும். வந்து ஏறலன்னா நான் கத்துற கத்து அந்தத் திபெத்து வரிக்கும் கேக்கும், சொல்லிட்டேன். அந்தப் பெரியவருக்கு இருமலுக்கு மருந்து வாங்கிக் குடு. அந்தப் பொம்பளைக்கு மழைக்கு வேண்டிய வெறக வெட்டி, நனையாத எடமா பாத்து முழுசா அடுக்கிக் குடுத்துட்டு வா. பாதியில போட்டுட்டு வராத. அவளும் பாவம், எத்தினி பேரத்தான் எதிர்பார்த்துகிட்டு உக்காந்திருப்பா.”

அசீசுன்னிசா